சாறிக்கு ஒரு பாஸ்போர்ட்

கெந்த், பெல்ஜியம்
9 மார்ச் 2025

என் ஜெனிற்றா,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "கடையில ஆள் நிக்குது அக்கா, பிறகு எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பிறகு வருவதே இல்லை. அதனால் பேனையை எடுத்தேன். கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று முகநூலில் ஒரு படம் பார்த்தேன். பாரிஸ் லா சப்பலில் எங்கள் தையல் கடை. கண்ணாடியில் புதிதாக "இரவல் சாறி அலுமாரி" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது. உள்ளே நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பக்கத்தில் அந்த ஷார்லோத், என் கதிரையில், என் மெசினுக்கு முன்னால், கழுத்தில் அளவு நாடாவையும் போட்டுக்கொண்டு இருக்கிறாள். போனில் கேட்டபோது "உதவிக்கு வாற பிள்ளை" என்று மழுப்பினாய். உதவிக்கு வருகிற பிள்ளைக்கு இருக்கக் கதிரையும் கொடுத்துவிட்டாயா? சஞ்சீவன் எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மட இடத்தில ஆள் ஏறீட்டுது போல" என்றார். என் மனுசன் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

படத்துக்குக் கீழே "ஷார்லோத்தும் ஜெனிற்றாவும்" என்று போட்டிருக்கிறது. ரூ பஜோல் தெருப் பக்கம் இவ்வளவு காலமும் ஆட்கள் சொன்னது "சாம்பவியும் ஜெனிற்றாவும்" என்றுதான். கோயிலுக்கு வருகிறவர்கள் வழி கேட்டால்கூட அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள்.

சாறியை இரவல் கொடுப்பதென்றால் யோசித்துச் செய். எங்கட பெண்டுகள் ஒரு சாறியை ஒருமுறை உடுத்திப் படம் எடுத்தால் அதோடு சரி. கல்யாண வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இந்தச் சாறி இன்னாருடையது என்று சொல்லக்கூடியவர்கள். இரவல் என்று வெளியில் தெரிந்தால் ஒருத்தியும் வாசலை மிதிக்கமாட்டாள். இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? என்னிடம் கேள்.

ஒக்டோபரில் கடைக் குத்தகை புதுப்பிக்க வேண்டும், மறந்துவிடாதே. என் பெயரும் அதில் இருக்கிறது. சஞ்சீவனின் வேலைக்காக இங்கே வந்தாலும், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். என் இடத்தை யாருக்கும் கொடுக்காதே.

கோபத்தோடு,
சாம்பவி அக்கா

*

பாரிஸ் 18
21 மார்ச் 2025

சாம்பவி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது சிரிப்பு வந்தது. மறுபடி வாசித்தபோது வரவில்லை.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எடுத்தவுடன் நீங்கள் "எப்பிடி இருக்கிறாய்" என்று கேட்பதில்லை. "அவள் பக்கத்தில நிக்கிறாளோ?" என்றுதான் கேட்கிறீர்கள். நிற்கிறாள் என்றால் உங்கள் குரல் மாறிவிடுகிறது. இல்லை என்றால் பொய் சொல்கிறேன் என்கிறீர்கள். எழுதுவதுதான் நல்லது. எழுத்தில் உங்களுக்கு என் முகம் தெரியாது, எனக்கு உங்கள் குரல் கேட்காது.

ஷார்லோத் பின்தெருவில் ஒரு சங்கத்தின் பழுது பார்க்கும் பட்டறையை நடத்துகிறாள். கேத்தில், சைக்கிள், கோட், எது உடைந்தாலும் கிழிந்தாலும் எறியாமல் கொண்டுவரச் சொல்வார்கள். நகரசபையும் உதவி செய்கிறது. ஒருநாள் ஒரு கோட்டுக்கு ஸிப் மாற்ற எங்களிடம் வந்தாள். பட்டுச் சாறியை ஒரேயொரு நாள் உடுத்திவிட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம் என்று கேட்டதும் அவளுக்கு நம்ப முடியவில்லை. செய்த பொருள் ஒன்று கை மாறிக் கை மாறி, நைந்து போகும் வரைக்கும் உலகத்தில் சுற்ற வேண்டும், அதற்குப் பிறகு அதன் நூலும் வேறொன்றாக வேண்டும் என்பாள். இப்போது ஐரோப்பாவில் எல்லா நகரங்களும் இதைத்தான் பேசுகின்றனவாம்.

அப்படித்தான் அலுமாரி வந்தது. உடுத்த மனமில்லாத சாறியை ஒருவர் கொண்டுவந்து தரலாம், அலுமாரியில் இருப்பதை இரவல் எடுக்கலாம். கழுவி, கரை திருத்தி, எடுப்பவரின் அளவுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறோம். பிளவுஸ் தையலால் கடைக்கும் உயிர் வந்திருக்கிறது. எது யாருடையது என்று யாருக்கும் சொல்வதில்லை.

குத்தகை விஷயம். கடைச் சொந்தக்காரர், கையெழுத்துப் போடும் இரண்டாவது ஆள் பாரிஸில் இருந்து கடையில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும் என்கிறார். நீங்கள் போகும்போது இரண்டு வருசம் என்றீர்கள். இது நான்காவது. ஷார்லோத் தன் பெயரைத் தரத் தயார். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. உங்களை நினைத்துத்தான் சொல்லவில்லை.

கதிரையில் அவள் இருந்தது படம் எடுத்த அன்று மட்டும்தான்.

ஜெனிற்றா

*

கெந்த்
13 ஏப்ரல் 2025

ஜெனிற்றா,

படம் எடுத்த அன்று மட்டும்தான் என்கிறாய். சரி. பிறகு ஏன் சென்ற ஞாயிற்றுக்கிழமைப் படத்திலும் இருக்கிறாள்? அதோடு இரண்டு பேர் கையிலும் ஆட்டிறைச்சி ரோல்ஸ். என்னோடு சாப்பிடும்போது மட்டும் உனக்குக் கொலஸ்ட்ரோல் இருந்ததே.

என்னுடைய சங்கதியையும் கேள். இங்கே பழைய சாமான் விற்கிற கடையில் உடுப்புப் பிரிக்கும் மேசையில் நிற்கிறேன். விற்கக்கூடியது ஒரு பக்கம், துடைக்கும் துணிக்குப் போவது ஒரு பக்கம், நார் ஆக்கப் போவது ஒரு பக்கம். நீயும் அதே வேலையைத்தான் செய்கிறாய். ஆனால் உன்னைப் பேப்பர்காரர் வந்து படம் பிடிக்கிறார்கள், என்னை மேலாளர் வந்து "கெதியாச் செய்யுங்கோ" என்கிற மாதிரி ஏதோ பிளெமிஷில் சொல்கிறார். எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்பதை ஒளிக்கப் போவதில்லை.

அவள் உன்னை "ஜெனி" என்று கூப்பிடுகிறாளாமே, கடைக்கு வந்துபோகிற தில்லைநாயகி சொன்னா. அந்தப் பெயரில் நான்கூட உன்னைக் கூப்பிட்டதில்லை.

சாம்பவி

*

பாரிஸ் 18
11 மே 2025

சாம்பவி அக்காவுக்கு,

இன்று தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே கடைக்கு வந்து எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஷார்லோத்தைப் பற்றிய சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் இனி உடுப்புக்கும் பாஸ்போர்ட் வரப்போகிறதாம். சின்னதாக ஒரு கியூஆர் கோட் தைத்திருப்பார்கள். போனைக் காட்டினால் என்ன நூல், எங்கே செய்தது, எப்படித் திருத்துவது என்றெல்லாம் வரும். எங்கட ஆட்கள் ஒரு வதிவிடக் கார்த் எடுக்கப் பட்ட பாடு தெரியும்தானே, சாறிக்கு மட்டும் கேட்காமலே கிடைக்கப் போகிறது. ஷார்லோத் இதை எங்கள் அலுமாரியில் முதலில் செய்து காட்டுவோம் என்கிறாள். அதோடு அவள் ஒருபடி மேலே போய்விட்டாள். சாறியின் கதையையும் அதில் போட வேண்டுமாம். யார் உடுத்தது, என்ன விசேசம், ஏன் கொடுத்தார்கள், எல்லாம். பிரெஞ்சுக்காரர்கள் பழைய கோட் வாங்கும்போது முன்பு அதை யார் போட்டார்கள் என்று அறிந்தால் சந்தோசப்படுவார்களாம். சாறி கொடுக்க வருகிறவர்கள் அவளோடு பிரெஞ்சில் மனம் விட்டுக் கதைக்கிறார்கள். அதையெல்லாம் அவள் குறித்து வைத்திருக்கிறாள்.

இரவல் என்று தெரிந்தால் வரமாட்டார்கள் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். கியூஆர் கோட்டைச் சாறியின் உள்பக்கக் கரையில் தைத்தால் உடுத்துகிறவரைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறாள். அதுவும் சரிபோலத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒரு மாதிரி இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவள். எங்கட ஆட்கள் எதற்கு முகம் சுழிப்பார்கள் என்பது எனக்கு எப்போதும் பிந்தித்தான் விளங்கும். உங்களுக்கு முன்னமே விளங்கிவிடும். வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன். ஷார்லோத்திடமும் சொல்லிவிட்டேன். இதில் சாம்பவி அக்கா சொல்வதுதான் முடிவு.

ஜெனிற்றா

*

கெந்த்
18 மே 2025

என் தங்கச்சி ஜெனிற்றாவுக்கு,

எவ்வளவு நல்ல யோசனை. நான் தேவையில்லாமல் அந்தப் பிள்ளையைக் குறைவாக நினைத்துவிட்டேன்.

முதல் கடிதத்தில் நான் எழுதியதைப் பெரிதாக எடுக்காதே. அது பழைய காலத்துக் கதை. இப்போது எங்கட பெண்டுகளும் மாறிவிட்டார்கள். உள்பக்கத்தில் தைத்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். தலைப்பு ஓரத்தில் தை, போனைக் காட்ட லேசு. பெயரை முழுதாகப் போடு, விசேசத்தையும் போடு. அரைகுறையாகச் செய்தால் நகரசபைக்காரர் மதிக்கமாட்டார்கள்.

ஷார்லோத்துக்கு என் அன்பைச் சொல். முழுவதும் அவளுடைய யோசனை என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

சாம்பவி அக்கா

*

பாரிஸ் 18
2 ஜூலை 2025

சாம்பவி அக்காவுக்கு,

சனிக்கிழமை ஓல்னே-சூ-புவாவில் அக்‌ஷராவின் சாமத்திய வீடு, எங்கள் வாடிக்கைக்காரரின் மகள் பெரியபிள்ளையான சடங்கு. நானும் போயிருந்தேன். தில்லைநாயகி அக்கா எங்கள் அலுமாரியில் எடுத்த ரோஸ் பட்டுச் சாறியை உடுத்தி வந்திருந்தா. வடிவாக இருந்தா. சாப்பாட்டு மேசையில் அவவுக்குப் பின்னால் ஒரு பெட்டை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றாள். தலைப்பு ஓரத்தில் இருந்த கியூஆர் கோட் போனில் பிடிபட்டுப் பக்கம் திறந்துவிட்டது. அவள் ஏதோ விளையாட்டென்று நினைத்துப் பிரெஞ்சில் சத்தமாக வாசித்தாள். பக்கத்தில் இருந்த ஒரு மாமி, "என்னடி சொல்லுது?" என்று கேட்டா.

"இது சுஜானி அக்காவின்ட சாறியாம். கலியாண ரெஜிஸ்டருக்கு உடுத்ததாம். புருசனைப் பிரிஞ்சதால குடுத்தவவாம்."

சுஜானியின் அம்மா, பேர்ளி அம்மா, அதே மேசையில் பலகாரத் தட்டோடு நின்றா. மகள் பிரிந்தது அவவுக்குத் தெரியாது. தை மாதம் சுஜானி வந்து ஷார்லோத்திடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள், அம்மாவிடம் தானே நேரம் பார்த்துச் சொல்லப் போவதாக. பேர்ளி அம்மா தட்டை மேசையில் வைத்தா. கைப்பையை எடுத்தா. ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டா. தில்லைநாயகி அக்கா தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பிடாமல் இருந்து அழுதா.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஷார்லோத்தும் சுஜானியிடம் போனோம். அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஷார்லோத்திடம் ஒன்றுதான் சொன்னாள்: "உங்களை நம்பித்தானே சொன்னனான்." உடுத்துகிறவர் மட்டும்தான் பார்ப்பார் என்று ஷார்லோத் நினைத்திருக்கிறாள். தன் பிழை என்றாள், அழுதாள். அன்றைக்கே எல்லாப் பக்கங்களையும் அழித்து, எல்லாக் கியூஆர் கோட்டையும் வெட்டி எடுத்துவிட்டோம். அதற்குள் ஆட்கள் வந்து தங்கள் சாறிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். அலுமாரி வெறிச்சென்று கிடக்கிறது. என் பிழையும் உண்டு. சுஜானியின் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை. நீங்கள் ஓம் என்றீர்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு லெ பிளாங்-மெனிலுக்குப் பேர்ளி அம்மாவிடம் போனேன். அவ என்னை ஏசவில்லை. "பிள்ளை, நீ சின்னனில இருந்து இஞ்சை வளந்தனி, உனக்குத் தெரியாது. சாம்பவியிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றா.

கேட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

அக்கா, இப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு வரி போதும்.

ஜெனிற்றா

*

கெந்த்
14 ஜூலை 2025

ஜெனிற்றா,

தெரியும்.

ஒரு வரி போதும் என்று கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்த எனக்கு முடியாது.

சுஜானியின் விஷயம் எனக்குத் தெரியாது. அது சத்தியம். யாரோ ஒருத்தி இரவல் சாறியில் பிடிபடுவாள், நாலு பேர் சிரிப்பார்கள், வெள்ளைக்காரிக்கு எங்கட ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வெளியில் வரும், நீ போன் எடுத்து "அக்கா, நீங்கள் இல்லாமல் ஏலாது" என்பாய். அவ்வளவுதான் நினைத்தேன். பேர்ளி அம்மா தட்டை வைத்த இடத்தை உன் கடிதத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

பொறாமைதான் ஜெனிற்றா. வேறு பெயர் சொல்லி மறைக்கப் போவதில்லை. நீங்கள் இரண்டு பேரும் நிற்கும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவள் கை உன் தோளில் இருக்கிறதா என்று பார்ப்பேன். கரை திருத்த அவளுக்கு நீ சொல்லிக்கொடுத்திருப்பாயோ, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிக்கொடுத்திருப்பாயோ என்று இருந்த இடத்தில் இருந்து எரிவேன். இங்கே என்னோடு மேசையில் நிற்கிறவர்களுக்கு என் பெயர்கூட ஒழுங்காக வராது. அங்கே ஒரு இடம் இருக்கிறது, அங்கே நான்தான் அக்கா என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். அந்த இடத்தில் இன்னொருத்தி சிரித்துக்கொண்டு இருந்தால் நான் என்ன செய்வேன்?

உன்னிலும் எனக்குக் கோபம்தான். மனம் ஒரு மாதிரி இருக்கிறது என்று எழுதினாயே, அந்த மனம் சொன்னதைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டிருக்கத் தேவையில்லை.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், இதையும் உன் தலையில்தான் கட்டியிருக்கிறேன். வெட்டாமல் விடுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று தெரியட்டும்.

சாம்பவி

*

கெந்த்
14 செப்டம்பர் 2025

ஜெனிற்றா,

நீ பதில் எழுதவில்லை. லா சப்பல் கோயில் தேருக்குப் போவோமா என்று சஞ்சீவன் கேட்டார். தெருவில் உன்னைக் கண்டால் எந்த முகத்தோடு நிற்பது என்று வராமல் விட்டேன்.

இங்கே பெல்ஜியத்தில் அன்வேர்ஸில் இருக்கிற யசோதா நான் வேலை செய்கிற கடைக்கு வந்திருந்தா. உன் புதிய ஏற்பாட்டை அவதான் சொன்னா. பாரிஸ் சாறிகள் அன்வேர்ஸுக்கு வருமாம், அன்வேர்ஸ் சாறிகள் பாரிஸுக்குப் போகுமாம். இங்கே யாருக்கும் அங்கத்தைச் சாறி தெரியாது, அங்கே யாருக்கும் இங்கத்தைச் சாறி தெரியாது. பெயரும் இல்லை, கியூஆர் கோட்டும் இல்லை. இங்கே சாறிகளைத் தெரிந்து அனுப்புவது யசோதாவாம். பெண்டுகள் திரும்ப வரத் தொடங்கிவிட்டார்களாம். கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோசம் இல்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்ற எரிச்சல். அதற்குப் பிறகு, யசோதாவுக்கு எதற்கு இந்த வேலை என்ற எரிச்சல். அவவுக்குப் பட்டுக்கும் பொலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியுமா?

சாறிகளைத் தெரிந்தெடுக்கும் வேலையை என்னிடம் தா, ஜெனிற்றா. சாறியைக் கையில் எடுத்தாலே அது இன்னும் எத்தனை கை தாங்கும் என்று எனக்குத் தெரியும். சம்பளம் வேண்டாம். ஷார்லோத்தோடும் நான் ஒழுங்காக நடப்பேன்.

குத்தகைக்கும் நாள் வந்துவிட்டது. நான் சஞ்சீவனோடு பேசிவிட்டேன். ஓம் என்று சொல், அடுத்த மாதமே பாரிஸுக்கு வந்துவிடுகிறேன். அவர் விடுமுறைக்கு வந்து போகட்டும். கையெழுத்தை உன்னோடு நானே போடுகிறேன். பேர்ளி அம்மாவின் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

சாம்பவி

*

பாரிஸ் 18
12 ஒக்டோபர் 2025

சாம்பவி அக்காவுக்கு,

சுஜானி இப்போது அம்மாவோடுதான் இருக்கிறாள். பேர்ளி அம்மா ஒரு கிழமை கதைக்காமல் இருந்துவிட்டு, தானே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. ஷார்லோத்தோடு சுஜானி இன்னும் கதைப்பதில்லை. அது அவள் விருப்பம். நீங்கள் போய்க் காலில் விழ வேண்டாம். நான் உங்களிடம் கேட்டதும் நீங்கள் எழுதியதும் அவர்களுக்குத் தெரியாது. ஷார்லோத்துக்கு மட்டும் தெரியும், உங்கள் பதிலை அன்றே அவளுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியிருந்தேன். நீங்கள் தெரிந்துகொண்டே எழுதினீர்கள் என்பதை அவளுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியாமல் போயிற்று என்றுதான் அவள் இன்றைக்கும் நினைக்கிறாள். "பாவம், சாம்பவிக்கு எவ்வளவு கவலையாக இருக்கும்" என்று சொல்வாள். அப்படி அவள் சொல்லும்போது நான் எழுந்து பின்னுக்குப் போய்விடுவேன்.

யசோதா அக்காவைவிட நீங்கள் இந்த வேலையை நன்றாகச் செய்வீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவ போன முறை அனுப்பியதில் பாதி பொலியெஸ்டர்தான். ஆனால் பொலியெஸ்டர் என்றால் எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். நீங்கள் ஒன்று சொன்னால் அது உண்மையா இல்லையா என்று எனக்கு இனித் தெரியாது. முன்பு அதை யோசித்ததே இல்லை. தையல் பழகிய நாளிலிருந்து நீங்கள் வெட்டு என்ற இடத்தில் வெட்டினேன். இப்போது நீங்கள் பக்கத்தில் நின்று வெட்டு என்றால் நான் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருப்பேன்.

உங்களில் பாசம் போய்விட்டது என்று எழுதினால் பொய். போயிருந்தால் சுகமாக இருந்திருக்கும். உங்கள் மெசினை எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்பி எடுக்கலாம்.

சென்ற கிழமை ஒரு பிள்ளை வந்து தன் கல்யாணக் கூறைச் சாறியை அலுமாரிக்குத் தருகிறேன் என்றாள். புருசனோடு நல்லாகத்தான் இருக்கிறாள். வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான். கூறையை இன்னொருத்திக்கு உடுத்தக் கொடுக்கலாமா, கொடுத்தால் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கை தன்பாட்டில் போனை எடுத்து உங்கள் நம்பர் வரைக்கும் போய்விட்டது. வைத்துவிட்டு ஷார்லோத்தைக் கேட்டேன். அவள் சாறியை விரித்துப் பார்த்தாள். பிறகு, தனக்குத் தெரியாது என்றாள்.

அன்று பின்னேரம் அவளோடு போய்க் குத்தகையில் கையெழுத்துப் போட்டேன்.

ஜெனிற்றா